இரவலாய்ப் பெற்ற கருவிகள்



உங்கள் வீட்டிலுள்ள கருவிகளை எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா? கொட்டிலில் மண்வெட்டி, அலவாங்கு, கோடரி. குசினியில் கத்தி, திருவலை, சுளகு. மேசை லாச்சிக்குள் பேனா, கத்தரிக்கோல், ஊசி, நூல். விறாந்தையில் தையல் மெசின், துவிச்சக்கரவண்டி. சட்டைப் பையில் கைத்தொலைபேசி. கடற்கரையோரம் குடியிருப்பவருக்கு வலையும் படகும் இயந்திரமும். இவையின்றி ஒருநாட் சீவியமும் நகராது.

இவற்றிலும் நல்லவை வேண்டும் என்ற ஆசை நம்மெல்லாருக்கும் உண்டு. ஓடாவியாருக்கு நல்ல உளி, மாணவனுக்கு நல்ல அகராதி, தாய்க்குப் புகையாத அடுப்பு. இந்த ஆசை பாவமன்று. வேலையைச் செவ்வையாய்ச் செய்யவும் குடும்பத்தைச் சீராய் நடத்தவும் உதவுகின்றவற்றைத் தேடுவது புத்திசாலிகளின் செயலே. ஆனால் கருவியைத் தேடுகின்ற நாம், அதைப் பிடிக்கும் முறையையும், வைக்கும் முறையையும், திருப்பிக் கொடுக்கும் முறையையும் தேடுகின்றோமா? இம்மூன்றையும் கற்பிக்க வல்ல ஓர் ஆசிரியர் திருச்சபையிலே இருக்கின்றார். அவர் எழுதிவைத்த சிறுநூலை இன்று உங்களோடு சேர்ந்து புரட்ட விரும்புகின்றேன்.

மலைமேல் எழுதிய சட்டநூல்

அவர் புனித ஆசீர்வாதப்பர். ஏறத்தாழ 480ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டின் நூர்சியாவிற் பிறந்தவர். உரோமைக்குப் படிக்கப்போய், அங்கு மாணவரின் கெட்ட நடத்தையைக் கண்டு விலகி, சுபியாக்கோ மலைக் குகையிலே தனித்துத் தவஞ்செய்தவர். ஏறத்தாழ 529இல் மொந்தே காசினோ மலையில் மடம் அமைத்தார். தம் துறவிகளுக்காக அவர் எழுதிய சட்டநூலில் ஒரு முகவுரையும் 73 அதிகாரங்களும் உண்டு. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாக அது பயன்பட்டு வருகின்றது. நமது நாட்டிற்கும் அது புதியதன்று. அச்சட்டநூலைப் பின்பற்றும் சில்வெஸ்திரியன் ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகள் 19ஆம் நூற்றாண்டிலேயே இலங்கைக்கு வந்து, கண்டி மாநிலத்தில் வேரூன்றிப் பணிபுரிந்தார்கள்.

செபமும் உழைப்பும் என்று இச்சபையின் வாழ்வைச் சுருக்கிச் சொல்வது வழக்கம். அச்சொற்றொடர் சட்டநூலில் இல்லை, பிற்காலத்தவர் உண்டாக்கியது. ஆயினும் நூலின் சாரம் அதுவே. வானத்திலே பறக்கும் தத்துவங்களை அதில் தேடுவோர் ஏமாந்து போவர். நாளொன்றுக்கு ஒருவருக்கு எத்தனை இறாத்தல் பாண், எந்நேரம் படுப்பது, சமையல் முறை யாருடையது, தோட்டத்தில் மண்வெட்டி உடைந்தால் என்ன செய்வது என்பன போன்ற வீட்டுக் காரியங்களே அதில் நிரம்பிக் கிடக்கின்றன. அர்ச்சியசிஷ்டதனம் இத்தகைய இடங்களிலேதான் பிறக்கின்றது என்பதை அவர் அறிந்திருந்தார்.

போதுமானவை பத்து

55ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு துறவிக்கும் மடாதிபதி கொடுக்க வேண்டியவற்றை ஆசீர்வாதப்பர் வரிசைப்படுத்துகின்றார்: மேலங்கி, உள்ளங்கி, இருவகைக் காலணி, அரைக்கச்சை, கத்தி, எழுத்தாணி, ஊசி, கைக்குட்டை, எழுதும் பலகை. இவ்வளவுதான். ஏன் இந்தப் பட்டியல்? இல்லை என்ற சாக்குக்கு ஒருவனிடமும் இடமிருக்கக்கூடாது என்பதற்காக. எழுத வேண்டியவனுக்கு எழுத்தாணி உண்டு. கிழிந்ததைத் தைக்க ஊசி உண்டு. கொடுக்க வேண்டியதைக் கொடுத்த பின்புதான் மடாதிபதி படுக்கைகளைச் சோதித்து, ஒளித்து வைத்தவை உண்டா என்று பார்க்கிறார். முதலிற் கொடை, பிறகே கண்டிப்பு. இந்த ஒழுங்கைக் கவனியுங்கள்.

முதலாளிமாரே, வேலையாள் மந்தம் என்று குறைகூறுமுன் அவன் கையிலே கொடுத்த கருவியைப் பார்த்தீர்களா? மருந்தடிக்கச் சொல்லிவிட்டு முகமூடி கொடாதவரும், கிணறு வெட்ட இறக்கிவிட்டு உறுதியான கயிறு கொடாதவரும் கடவுள் முன்னிலையிற் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள். பெற்றோரே, பிள்ளை படிக்கவில்லை என்று ஏசுமுன், இருந்து எழுத ஒரு மூலையும் ஒரு விளக்கும் அமைதியான ஒரு மணிநேரமும் கொடுத்திருக்கின்றீர்களா? தேவைக்கேற்ப அவரவர்க்குப் பகிர்ந்த ஆதித் திருச்சபையின் வழக்கத்தையே ஆசீர்வாதப்பர் இங்கு மேற்கோளாய்க் கொள்கின்றார்.

பட்டியலுக்கு மறுபக்கமும் உண்டு. பத்து போதும் என்றால் பதினொன்றாவது எதற்கு? அயலவன் வாங்கினான் என்பதற்காகக் கடன்பட்டு வாங்கிய பொருள்கள் எத்தனை வீடுகளில் தூசி பிடித்துக் கிடக்கின்றன! வேலையைக் குறைக்க வாங்கியது கடனைப் பெருக்கினால், அது கருவியன்று, கழுத்திலே கட்டிய கல்.

பலிபீடத்துப் பாத்திரம் போல

இனி 31ஆம் அதிகாரம். மடத்தின் களஞ்சியப் பொறுப்பாளர், அங்குள்ள சட்டிபானைகளையும் தட்டுமுட்டுப் பொருள்களையும் பலிபீடத்தின் திருப்பாத்திரங்களுக்குச் சமமாய்க் கருதவேண்டும் என்கின்றார் ஆசீர்வாதப்பர். அன்பானவர்களே, சற்றே நின்று சிந்தியுங்கள். திருப்பலி முடிவில் குருவானவர் பூசைப் பாத்திரத்தைக் கழுவித் துடைத்து மூடி வைக்கின்றார். அதைக் கழுவாமல் மழையிலே போட்டுவிட்டுப் போவாரா? போனால் நாம் திடுக்கிடுவோம் அல்லவா? அப்படியாயின், சேறு அப்பிய மண்வெட்டியை வரம்பிலே போட்டுவிட்டு வருகின்றவனைக் கண்டும், பிடி கழன்ற கத்தியைப் பிள்ளைகளுக்கு எட்டும் இடத்தில் எறிந்து வைப்பவளைக் கண்டும் நாம் ஏன் திடுக்கிடுவதில்லை?

பக்தி மேலீட்டால் மட்டும் அவர் இப்படிச் சொல்லவில்லை. அதை நடைமுறைப்படுத்த வழியும் வகுத்தார். கருவிகளுக்கு மடாதிபதியிடம் ஒரு பட்டியல் இருக்கும். கொடுத்ததும் பெற்றதும் அதிலே தெரியும். வாரமுறைப்படி சமையற்பணி செய்தவர்கள் சனிக்கிழமை எல்லாவற்றையும் கழுவி, துடைத்த துணிகளையும் தோய்த்து, பாத்திரங்களை உடையாமல் பழுதில்லாமற் பொறுப்பாளரிடம் ஒப்படைப்பார்கள். அவர் அவற்றை அடுத்த முறைக்காரரிடம் கொடுப்பார். உழைப்பின் நடுவில் ஒன்றை உடைத்தவனோ தொலைத்தவனோ தானாகவே உடனே வந்து சொல்ல வேண்டும். ஒளித்து, பிறர் வாயால் வெளிவந்தால் தண்டனை அதிகம். இதிலே ஒரு குடும்ப ஞானம் இருக்கின்றது. கோப்பையை உடைத்த பிள்ளை உண்மையைச் சொல்லும்போது அடித்து, பொய் சொன்னபோது கண்டுபிடிக்காமல் விட்டால், நாம் அப்பிள்ளைக்கு எதைக் கற்பிக்கின்றோம்?

கடவுளின் மனத்தைத் தொட்ட இரும்பு

கருவி ஒன்று தொலைவது சிறு காரியம் என்று எண்ணுகின்றவர்கள் வேதாகமத்தைத் திறக்கட்டும். அரசர் இரண்டாம் ஆகமம் 6ஆம் அதிகாரத்திலே, இறைவாக்கினரின் சீடர்கள் யோர்தான் கரையில் மரம் வெட்டுகையில் ஒருவனுடைய கோடரி இரும்பு கழன்று தண்ணீரில் விழுகின்றது. அவன் அலறுகின்றான். ஏன்? அது இரவல் வாங்கியது. எலிசேயு ஒரு தடியை வெட்டி அவ்விடத்தில் எறிய, இரும்பு மிதந்து வருகின்றது.

ஆசீர்வாதப்பரின் வாழ்விலும் இத்தகைய இரு நிகழ்ச்சிகளைப் பாப்பரசர் பெரிய கிறகோரியார் எழுதி வைத்திருக்கின்றார். அவர் வாலிபராயிருந்தபோது, அவரை வளர்த்த தாதி கோதுமை சுத்தஞ்செய்யும் தட்டொன்றை அயலாரிடம் இரவலாய் வாங்கினாள். மேசையிலே கவனமின்றி வைக்க, அது விழுந்து இரண்டாய் உடைந்தது. அவள் அழுதாள். அவர் செபித்தார், தட்டு முழுமையாயிற்று. பிற்காலத்திலே, கொத்தியர் இனத்து ஏழையொருவன் மடத்திற் சேர்ந்தான். ஏரிக்கரையிற் பற்றை வெட்ட அவனுக்குக் கருவி கொடுக்கப்பட்டது. முழுப்பலத்தோடும் வெட்டுகையில் இரும்பு கழன்று ஆழமான ஏரிக்குள் விழுந்தது. அவன் நடுங்கியபடி ஓடி மவுருஸ் என்ற துறவியிடம் குற்றத்தை அறிக்கையிட்டான். ஆசீர்வாதப்பர் வந்து, பிடியை வாங்கித் தண்ணீரில் விட்டார். இரும்பு மேலெழுந்து பிடியிற் பொருந்தியது. அதை அவன் கையிலே கொடுத்து, வேலையைத் தொடரும்படியும் துயரப்பட வேண்டாமென்றும் சொன்னார்.

இம்மூன்றிலும் ஒரே விடயம் நம் கண்ணிற் படவேண்டும். ஏரியில் விழுந்தது சிறு இரும்பு. ஆனால் அவ்வேழையின் நடுக்கம் சிறியதன்று. அந்த நடுக்கத்தைக் கடவுள் பார்த்தார்.

இதனாற்றான் இணைச்சட்ட நூல் 24ஆம் அதிகாரத்தில் ஒரு கடுமையான கட்டளை இருக்கின்றது. திரிகைக் கல்லை எவரும் ஈடாய் வாங்கக்கூடாது. வாங்குகின்றவன் ஓர் உயிரையே ஈடாய் வாங்குகின்றான் என்பது அதன் கருத்து. மாவரைக்கும் கல் போனால் அன்றைய அப்பம் போகும். நமது ஊர்களிலே ஈடுவைக்கப்பட்ட தையல் மெசின்களையும் படகு இயந்திரங்களையும் எண்ணிப் பாருங்கள். கடன் வாங்கியவன் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது நீதியே. ஆனால் திருப்பிக் கொடுப்பதற்கு அவனிடம் இருக்கின்ற ஒரே வழியையும் பிடுங்கிக்கொண்டு, பணத்தைக் கேட்பது எந்த நீதி? வாரவட்டிக்குப் பணங்கொடுக்கும் கத்தோலிக்கரே, ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வாங்க வருமுன் இந்த அதிகாரத்தை ஒருமுறை வாசியுங்கள்.

இரவல் வாங்கிய நமக்கும் ஒரு வார்த்தை. ஏழாங் கட்டளைக்கு எதிராய் நான் ஒன்றும் செய்யவில்லை என்று பாவசங்கீர்த்தனத்திற் சொல்லுகின்றோம். வீட்டுக்குப் போய்க் கொட்டிலைப் பாருங்கள். மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய அயலவரின் ஏணி அங்கே இருக்கின்றதா? அலுமாரியிலே நூலகப் புத்தகம் இருக்கின்றதா? கேட்க வெட்கப்பட்டு அவர் சும்மா இருக்கின்றார். மறந்துவிட்டோம் என்று சொல்லி நாமும் சும்மா இருக்கின்றோம். திருப்பிக் கொடுக்கும் நாளில், கழுவி, தீட்டி, பிடி தளர்ந்திருந்தால் இறுக்கிக் கொடுங்கள். அறுந்துபோன அயலுறவுகள் பல ஓர் ஏணியோடு திரும்பி வரும்.

மணியும் புத்தகமும் கத்தியும்

நேரமும் ஒரு கருவியே. 48ஆம் அதிகாரத்திலே, சோம்பல் ஆன்மாவின் எதிரி என்று கண்ட ஆசீர்வாதப்பர், நாளைப் பங்கிட்டுக் கொடுக்கின்றார். கோடையிலே காலை வேளையில் கைவேலை, பிறகு உச்சிவேளை மட்டும் வாசிப்பு, உணவின் பின் இளைப்பாறுதல், மீண்டும் வேலை. மணியடித்தால் கையிலிருப்பதை அப்படியே விட்டுச் செபத்துக்கு விரைய வேண்டும். வேலைக்குத் தொடக்கமும் முடிவும் உண்டென்று மணி நினைப்பூட்டியது. தவக்காலத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு புத்தகம் கொடுக்கப்படும். தொடக்கத்திலிருந்து முறையாய் முழுவதும் வாசிக்க வேண்டும். வாசிக்கும் நேரத்தில் யாராவது வீண்பேச்சிலே பொழுது போக்குகின்றார்களா என்று பார்க்க ஓரிரு மூத்த துறவிகள் சுற்றிவருவார்கள்.

அந்த மூத்தவர்கள் இன்று நமது வீட்டைச் சுற்றி வந்தால் எதைக் காண்பார்கள்? கைத்தொலைபேசி அருமையான கருவி. வெளிநாட்டிலிருக்கும் மகனின் முகத்தைத் தாய்க்குக் காட்டுகின்றது. கடலில் இருப்பவருக்குக் காற்றின் செய்தியைச் சொல்லுகின்றது. பிள்ளைக்குப் பாடத்தைக் கொண்டுவருகின்றது. அதைக் குறைகூற நான் வரவில்லை. ஆனால் சட்டநூலின் 22ஆம் அதிகாரத்திலே ஒரு சிறு கட்டளையைக் கண்டேன். துறவிகள் அரைக்கச்சையோடு படுக்கலாம். ஆனால் கத்தியை இடுப்பிலே வைத்துக்கொண்டு தூங்கக்கூடாது. தூக்கத்திலே அது காயப்படுத்திவிடும். பகல் முழுதும் தேவைப்பட்ட அதே கத்தி, இரவிலே ஆபத்து. தலையணையருகில் கைத்தொலைபேசியோடு நித்திரை கொள்ளும் இளைஞரே, பெற்றோரே, இக்கத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். கருவியைக் கழற்றி வைக்கத் தெரியாதவன் அதற்கு எசமானன் அல்லன்.

பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981 செப்டெம்பர் 14இல் மனித உழைப்பைக் குறித்து வெளியிட்ட சுற்றுமடலும் இதையே கற்பித்தது. தொழில்நுட்பம் மனிதனுக்குத் தோழன். ஆயினும் அவனுடைய இடத்தைப் பறிக்கும்போது எதிரிபோல் ஆகிவிடுகின்றது. வேலை மனிதனுக்காகவே, மனிதன் வேலைக்காக அல்லன். நாசரேத்தூரிலே தச்சராய் உழைத்த நம் ஆண்டவரின் கைகள் இதற்குச் சாட்சி. உளி பிடித்த கைகளே பின்பு குருடனின் கண்களைத் தொட்டன.

எழுபதுக்கு மேற்பட்ட கருவிகள்

இதுவரை கையிலே பிடிக்கும் கருவிகளைப் பார்த்தோம். சட்டநூலின் 4ஆம் அதிகாரத்தின் தலைப்பே நற்செயல்களின் கருவிகள் என்பதாகும். எழுபதுக்கும் மேற்பட்டவற்றை ஆசீர்வாதப்பர் அங்கே ஒவ்வொன்றாய் அடுக்குகின்றார். கடவுளை முழு இதயத்தோடு நேசித்தல் முதலாவது. அயலானை நேசித்தல் அடுத்தது. ஏழைக்கு உதவுதல், நோயாளியைச் சந்தித்தல், இறந்தவரை அடக்கஞ்செய்தல், வஞ்சத்தை மனத்தில் வைத்திராமை, பொய்ச் சமாதானம் சொல்லாமை, சண்டையிட்டவரோடு பொழுது சாயுமுன் சமாதானமாதல் என்று அது நீளுகின்றது. இக்கருவிகளைக் கொண்டு வேலை செய்யும் பட்டறை எது? மடத்தின் சுற்றுமதிலும், சகோதரரோடு நிலைத்து வாழும் வாழ்வும் என்கின்றார். நமக்கோ நமது வளவும் குடும்பமுமே பட்டறை. வேறோர் ஊருக்குப் போனால் நான் நல்லவனாயிருப்பேன் என்பது, பட்டறையை மாற்றினால் உளி தானாய்ச் செதுக்கும் என்பதைப் போன்றதே.

தோட்டக்காரர் மண்வெட்டியை நாள்தோறும் தீட்டுகின்றார். பொழுது சாயுமுன் சமாதானமாகும் கருவியை நாம் கடைசியாய் எப்போது தீட்டினோம்? காணி எல்லைத் தகராற்றில் பத்து வருடமாய்ப் பேசாத சகோதரர்கள் ஒரே கோயிலில், ஒரே பூசையில் இரு கரையிலும் நிற்கின்றார்கள். அவர்கள் வீட்டிலே எல்லாக் கருவியும் உண்டு. அந்த ஒன்றுதான் துருப்பிடித்துக் கிடக்கின்றது.

பட்டியலின் கடைசிக் கருவி என்ன தெரியுமா? கடவுளின் இரக்கத்தில் ஒருபோதும் நம்பிக்கை இழவாமை. மற்றக் கருவிகளெல்லாம் உடைந்தபின் எடுப்பதற்கென்றே அதைக் கடைசியில் வைத்தார் போலும். அவருடைய மொந்தே காசினோ மடத்தின் வரலாறே இதற்கு விளக்கம். 6ஆம் நூற்றாண்டிலே லொம்பார்தியர் அதைப் பாழாக்கினர். 883இல் சரசேனியர் எரித்தனர். 1349இல் நிலநடுக்கம் இடித்தது. 1944 பெப்ரவரி 15இல் குண்டுவீச்சு அதைத் தரைமட்டமாக்கியது. ஒவ்வொரு முறையும் துறவிகள் மீண்டும் கட்டினார்கள். 1964 அக்டோபர் 24இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் புதிய ஆலயத்தை அபிஷேகஞ் செய்து, ஆசீர்வாதப்பரை ஐரோப்பாவின் பாதுகாவலராய் அறிவித்தார்.

இவ்வரலாறு நமக்கு அந்நியமானதா? 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை வலையையும் வள்ளத்தையும் வாரிக்கொண்டு போனதைக் கண்டவர்கள் நாம். 2009 வரை நீண்ட யுத்தத்திலே, பரம்பரையாய் வந்த உளிப்பெட்டியையும் தையல் மெசினையும் விட்டுவிட்டு, பிள்ளைகளை மட்டும் கையிற் பிடித்துக்கொண்டு இடம்பெயர்ந்தவர்கள் நம்மிடையே இருக்கின்றார்கள். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு உயர்ந்தபோது, வள்ளமிருந்தும் கடலுக்குப் போகமுடியாமல் கரையிலே இருந்தவர்களும் இருக்கின்றார்கள். அவர்களிற் பலர் இரவல் மண்வெட்டியோடு மீண்டும் தொடங்கினார்கள். எதைக் கொண்டு? அந்தக் கடைசிக் கருவியைக் கொண்டு. அதற்கு ஈடும் இல்லை, வட்டியும் இல்லை. எந்த இடம்பெயர்விலும் அதைக் கொண்டு போகலாம்.

ஒப்படைக்கும் நாள்

4ஆம் அதிகாரத்தின் முடிவில் ஆசீர்வாதப்பர் சொல்லும் ஒரு கருத்தை மறவாதீர்கள். இரவும் பகலும் பயன்படுத்திய இக்கருவிகளைத் தீர்வை நாளிலே நாம் திருப்பி ஒப்படைப்போம். அப்போது ஆண்டவர் வாக்களித்த சம்பளம் கிடைக்கும் என்கின்றார். ஆகவே இவையும் இரவலே. நம் கைகளும் கண்களும் இரவல். நேரமும் திறமையும் இரவல். நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகளும் இரவலே. சனிக்கிழமை சமையற்காரர் பாத்திரங்களைக் கழுவி ஒப்படைத்தது போல ஒருநாள் நாமும் ஒப்படைக்க வேண்டும். உடைந்தவை இருக்கும். அப்போது அந்தக் கொத்தியனைப் போல மறைக்காமல் ஓடிச் சொல்லுவோமாக. இரும்பை மிதக்கச் செய்தவர் நம்மையும் கைவிடார்.

இந்த வாரத்துக்கு மூன்று காரியங்கள் செய்யுங்கள். உங்கள் தொழிற் கருவிகளில் ஒன்றைக் கழுவித் தீட்டி, சிலுவை அடையாளம் வரைந்து, அதற்குரிய இடத்தில் வையுங்கள். இரவல் வாங்கிய ஒன்றைத் திருப்பிக் கொடுங்கள். ஈடாய் வாங்கியது ஓர் ஏழையின் தொழிற் கருவியானால், முதலில் அதைக் கொடுத்துவிட்டுப் பிறகு கடனைப் பேசுங்கள். நீண்ட நாளாய்ப் பேசாதிருக்கும் ஒருவரிடம், பொழுது சாயுமுன் போய் ஒரு வார்த்தை பேசுங்கள்.

நாசரேத்தூர்த் தச்சராகிய நம் ஆண்டவர் உங்கள் கைகளின் உழைப்பை ஆசீர்வதிப்பாராக.